தகுதிக்கு ஊர் உண்டு

எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லிப் பெருமைப்பட்ட கல்லூரிகளை நாடு ஒரு காலத்தில் கண்டது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று சொல்லிப் பெருமைப்படும் கல்லூரிகளை இன்று காண்கிறோம். அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டில், விண்ணப்பித்தவருள் நூற்றுக்கு 3.43 பேருக்கே இடமளித்தது. அந்தச் சிறிய எண் உலக ஏடுகளிலே ஏதோ வெற்றிச் செய்திபோல வெளிவந்தது. தில்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி 2011இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பள்ளியில் வணிகவியல் படிக்காமல் வருவோர், நூற்றுக்கு நூறு பெற்றிருந்தால் வரலாம்! நூற்றுக்கு மேலே கேட்பதற்கு எண் இல்லாமற் போனது மாணவர் செய்த நற்பேறு என்றே சொல்ல வேண்டும். நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் நிலையோ அனைவரும் அறிந்தது. 2024இல் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இடங்கள். அவற்றை நாடி 'நீட்' எழுதியோர் 23 இலட்சத்துக்கும் அதிகம்.

சல்லடையின் கண் சிறுத்தால் சலித்த மாவு நயமாக இருக்கும் என்பது அடுப்படியில் நாம் கற்ற பாடம். கல்லூரி வாயிலில் வைக்கப்படும் சல்லடையும் அப்படிப்பட்டதுதானா? கண் சிறுக்கச் சிறுக்க, கீழே விழுவது திறமை மட்டுந்தானா? அல்லது திறமையோடு வேறு எதுவோ சேர்ந்து விழுகிறதா? மேலே தங்கிப்போவது உமியா, மணியா?

இந்த வினாக்களுக்கு விடை காண நாம் ஒரு கவிதை நூலையோ புதினத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்கிறோம். திறனாய்வுப் பகுதியில் தீர்ப்புக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். தீர்ப்பும் ஓர் எழுத்துத்தான். அதற்கும் நடை உண்டு, நோக்கு உண்டு, சொல்லியது உண்டு, சொல்லாமல் விட்டது உண்டு. காப்பியத்தைப் படித்தவர் சிலராகவும் படியாதவர் பலராகவும் இருக்கலாம். தீர்ப்போ படியாதவரையும் வந்து தொடுகிறது. நாம் குறிப்பிடும் தீர்ப்பு, 1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உச்சநீதிமன்றம் அளித்தது. இராசேந்திரன் எதிர் சென்னை மாநிலம் என்பது வழக்கின் பெயர்.

வழக்கின் செய்தி இது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சென்னை மாநில அரசு வகுத்திருந்த விதிகளில் ஒன்று, இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்டது. மாநில மக்கள் தொகையில் ஒரு மாவட்டத்தின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு இடம் அந்த மாவட்டத்துக்கு. இன்னொரு விதி, சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினருக்கு இடம் ஒதுக்கியது. இரண்டையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். வகுப்பு ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றது. மாவட்டப் பங்கீட்டைத் தள்ளியது. நம் இயக்கத்தார் முன்னதைக் கொண்டாடினர், கொண்டாடியது முறையே. பின்னதைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். பேசாமலிருந்ததால் வந்த இழப்பை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் வேலை.

மாவட்டப் பங்கீடு 1967இல் புதிதாக முளைத்ததன்று. இயக்கத்தார் அனைவரும் அறிந்த சண்பகம் துரைராசன் வழக்கிலேயே அதன் தடயம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. பதினான்கு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அந்த ஆணை பங்கிட்டிருந்தது. வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யவில்லை என்ற வேடிக்கையும், அதனைக் கேட்டுக் கொதித்தெழுந்த தமிழகமும், அதன் விளைவாக அதே ஆண்டு சூன் திங்களில் வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தமும் பலமுறை மேடையேறிய செய்திகள். மேடையேறாத செய்தி ஒன்று அதே தீர்ப்பின் தொடக்கத்தில் கிடக்கிறது. மாநில அரசின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் இருந்த இடங்கள் மொத்தம் 330. வெளி மாநிலத்தாருக்கு 17, அரசின் விருப்பத்துக்கு 12 போக, எஞ்சியவை முதலில் நான்கு மாவட்டத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதன் பிறகே வகுப்புக் கணக்கு! ஆந்திரமும் உள்ளிட்ட அப்பெருமாநிலத்துக்கு 330 மருத்துவ இடங்கள், 395 பொறியியல் இடங்கள். சென்னைக்குத் தெற்கே அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட அன்று இல்லை. மதுரைக் கல்லூரி 1954இல்தான் வந்தது. அத்துணைப் பஞ்சத்திலும், இருப்பதை ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் இருந்திருக்கிறது.

அந்த எண்ணத்தைத்தான் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெட்டி வீழ்த்தியது. அதன் வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: சேர்க்கையின் குறிக்கோள் சிறந்த திறமையைத் தேர்ந்தெடுப்பது, மாவட்டவாரியாகப் பிரித்தால், ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் பெற்றவன் வெளியே நிற்க, வேறு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவன் உள்ளே போவான், ஆகவே குறிக்கோள் கெடும், ஆகவே சமன்மைக்கு மாறானது. கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆற்றொழுக்காகவும் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் ஒரு சொல்லின்மீது முழுப் பாரத்தையும் ஏற்றி நிற்பதைப் படிப்போர் கவனிக்க வேண்டும். திறமை என்பதே அந்தச் சொல். திறமையும் மதிப்பெண்ணும் ஒன்று என்பதை நீதிமன்றம் மெய்ப்பிக்கவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தியாக எடுத்துக்கொண்டது. சேர்ந்த இடத்தின் உயரத்தை அளந்தது; புறப்பட்ட இடத்தின் பள்ளத்தை அளக்கவில்லை.

புறப்பட்ட இடம் என்றால் என்ன என்பதை அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே போகும் பேருந்தில் ஏறியவர் அறிவர். திருச்சுழி, அதற்கும் அப்பால் நரிக்குடி. வழிநெடுக மானாவாரி நிலம். மழை பெய்தால் மல்லியும் பருத்தியும் சோளமும் கம்பும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுப் பிழைப்பு. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது மணல்தான். அருப்புக்கோட்டை நகருக்குள் தறியோசை கேட்கும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும். மாலையில் வீட்டுப்பாடத்துக்கு முன் மீண்டும் தார் காத்திருக்கும். 2018இல் இந்திய அரசின் நிதி ஆயோக் வெளியிட்ட பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டே. விருதுநகர் ஒன்று, இராமநாதபுரம் மற்றொன்று. 1985 வரை இரண்டும் ஒரே மாவட்டம்.

இங்கே ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். இதே விருதுநகர் மாவட்டம்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. வறண்ட நாட்டுப் பிள்ளை படிக்க மறுப்பதில்லை, ஆசிரியர் சோம்பியிருப்பதுமில்லை. தேர்ச்சி என்னும் வாயிலில் முந்தி நிற்கும் பிள்ளை, தேர்வு என்னும் வாயிலில் பின்தங்குவது ஏன்? முதல் வாயிலில் பள்ளியில் கற்றது போதும். இரண்டாம் வாயிலில் பள்ளிக்கு வெளியே வாங்கியதும் வேண்டியிருக்கிறது. வாங்குவதற்கு மதுரைக்குப் போக வேண்டும். மதுரை 50 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணத்தைவிடப் பயிற்சிக் கட்டணம் பல மடங்கு.

மீண்டும் தீர்ப்புக்கு வருவோம். நாம் நீதிபதிகளை மட்டும் குறை கூறி முடித்துக்கொள்வது எளிது; ஆனால் நேர்மையாகாது. அத்தீர்ப்பின் பிற்பகுதியை ஊன்றிப் படித்தால் வேறொரு செய்தி தெரிகிறது. நிலப்பகுதியை அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு எந்நிலையிலும் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இந்த வழக்கில் அதற்குத் தக்க நியாயம் எதையும் அரசு எடுத்துக்காட்டவில்லை என்றே சொன்னது. அப்படியானால் அரசு எடுத்துக்காட்டியது என்ன? சென்னை நகர மாணவருக்கு வாய்ப்பு அதிகம். பங்கீடு இல்லையேல் நகரத்தின் மக்கள் தொகைக்கு மிஞ்சிய இடங்களை அவர்களே பெற்றுவிடுவர் என்பது அரசின் விடை. உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு ஆதாரமான கணக்கு எங்கே? நகரத்தில் எத்தனை கல்லூரி, நாட்டுப்புறத்தில் எத்தனை. ஆய்வுக்கூடம் எங்கே உண்டு, எங்கே இல்லை. முந்திய பத்தாண்டில் எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் மருத்துவரானார்கள்? ஆதாரம் என்று மதிக்கத்தக்க எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கருதும் அளவுக்குத்தான் வழக்கு நடந்திருக்கிறது. 1967 மார்ச்சு முதல் ஆட்சியில் இருந்தவர் நம்மவர். நம்மவர் என்பதற்காக இதனை மறைக்கலாகாது.

எண் வேண்டுமானால் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. 1961ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி மாநிலத்தில் 3 கோடியே 37 இலட்சம் பேர். அதில் இராமநாதபுரம் மாவட்டத்தார் 24 இலட்சம். அதாவது நூற்றுக்கு ஏழு. சென்னை நகரத்தார் 17 இலட்சம், நூற்றுக்கு ஐந்து. ஏழு பங்கினருக்கு ஒரு மருத்துவக் கல்லூரிகூட இல்லை. ஐந்து பங்கினரின் நகருக்குள் பழைய சென்னைக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என மூன்று! இந்த ஒரு ஒப்பீடு ஆயிரம் சொற்பொழிவுக்கு ஈடாக நின்றிருக்கும்.

ஆனால் மாவட்டப் பங்கீடே முழு மருந்து என்று நாம் வாதாடவில்லை. அதிலும் ஓட்டை உண்டு. இராமநாதபுரத்துக்கு ஏழு பங்கு கொடுத்திருந்தால் அதனை யார் எடுத்துக்கொண்டிருப்பார்? 1947 முதலே கல்லூரி கண்ட காரைக்குடி இருக்கிறது. ஆலைகள் நிறைந்த இராசபாளையம் இருக்கிறது. நரிக்குடியின் பங்கு நரிக்குடிக்கு வந்து சேருமா? மாவட்டம் என்பது ஆட்சியாளர் வரைபடத்தில் இட்ட கோடு. வறுமை அந்தக் கோட்டைப் பார்த்துப் படுத்திருப்பதில்லை. ஒரே மாவட்டத்துக்குள் ஆற்றுப்பாசனமும் உண்டு, வானம் பார்த்த பூமியும் உண்டு.

அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது. தமிழர் அனைவரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் 'தரப்படுத்தல்' என்றொரு திட்டம் வந்தது. மருத்துவக் கல்விக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 400க்கு 229 போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். ஒரே தேர்வு, ஒரே கல்லூரி, மொழிக்கொரு மதிப்பெண்! பின்னர் 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. நல்ல பள்ளிகள் நிறைந்த யாழ்ப்பாணம் அதனால் பெரிதும் இழந்தது. அங்கிருந்த இளைஞர் உள்ளத்தில் எழுந்த கசப்பு எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. இராமநாதபுரத்துக்கு மாவட்டப் பங்கு கேட்கும் நாம், யாழ்ப்பாணத்தில் அதனைக் கண்டித்தது எப்படி? ஊருக்கொரு நியாயமா என்று எவரேனும் கேட்டால் என்ன சொல்வோம்?

மழுப்பாமல் சொல்ல வேண்டும். மொழிவாரி மதிப்பெண், ஓர் இனத்தைக் குறிவைத்த அநீதி. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. மாவட்டப் பங்கீடு அதே கையால், அதே நோக்கத்தின் தொடர்ச்சியாக வந்ததால் அதுவும் அநீதியாகவே உணரப்பட்டது. எனினும் அதனால் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் கிடைத்த வாய்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே வாழ்வோரும் தமிழரே. இன்றும் இலங்கையில் பெரும்பாலான படிப்புகளுக்கு நூற்றுக்கு 40 இடம் தீவு முழுவதற்குமான மதிப்பெண் வரிசையிலும், 55 இடம் மாவட்ட மக்கள் தொகைப்படியும், 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. ஹார்வர்டின் கதையும் இத்தகையதே. 1920களில் யூத மாணவர் தொகை பெருகியது கண்டு பொறாத அதன் தலைவர் லோவெல், நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர் வர வேண்டும், நற்பண்பும் பார்க்கப்பட வேண்டும் என்ற இனிய சொற்களைக் கொண்டே யூதருக்குக் கதவடைக்க முற்பட்டார். 'எல்லா ஊருக்கும் இடம்' என்ற நல்ல சொல் தீய கைக்கும் கருவியாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் வேறுபாட்டைக் காண்பது எதைக் கொண்டு? கணக்கைக் கொண்டுதான். எவனுக்கு எதனால் குறை என்று முன்கூட்டி அளந்து, அளந்ததை எல்லாரும் பார்க்க வெளியிட்டு, அந்தக் குறை நீங்கியதும் தானும் நீங்கும் பங்கீடு ஒரு வகை. வேண்டாதவன் எங்கே மிகுந்திருக்கிறான் என்று பார்த்து அங்கே வெட்டும் பங்கீடு இன்னொரு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவைபோல இருக்கும்.

1968க்குப் பிறகு நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். மாவட்டம் போயிற்று. அதற்கு மாற்றாக மருத்துவக் கல்லூரிகளைச் சில தொகுதிகளாக்கி, தொகுதிக்கொரு தேர்வுக்குழு அமைத்தனர். அதுவும் பெரியகருப்பன் வழக்கில், 1970 செப்டம்பரில், செல்லாது என்றாயிற்று. அவ்வழக்கில் வெளிப்பட்ட இன்னொரு செய்தி நம் முகத்தைச் சிவக்கச் செய்வது. நேர்முகத் தேர்வுக்கென 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்தனர். விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்குப் புறம்பான தொண்டுகள், உடல் உறுதி, பொதுத்திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். தலைப்புவாரியாக மதிப்பிடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வாயிலில் நிற்கும் பையனின் சட்டையையும் பேச்சையும் பார்த்து 75க்கு எத்தனை என்று சில நிமிடங்களில் முடிவு செய்யும் முறையில், கரிமூட்டக்காரன் மகன் எத்தனை பெற்றிருப்பான்? சமூக நீதியை முழங்கிய ஆட்சியிலேயே இந்தச் சல்லடை தொங்கியது! நேர்முகத்தின் ஊழலுக்கு மாற்று என்று 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. அது நகரப் பயிற்சி நிலையங்களை வளர்த்தது. 1990களின் பிற்பகுதியில் நாட்டுப்புறப் பள்ளி மாணவருக்கென்று தனியிடம் ஒதுக்கிப் பார்த்தனர். அதுவும் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2006இல் சட்டம் இயற்றப்பட்டு, 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, நுழைவுத் தேர்வு ஒழிந்தது. பத்தாண்டு மூச்சுவிட்டோம். 2017இல் 'நீட்' வந்தது.

'நீட்' பற்றி எழுதாத ஏடு இல்லை. ஆகவே சுருங்கச் சொல்வோம். நீதியரசர் ஏ.கே. இராசன் குழு 2021இல் அளித்த அறிக்கை, நாம் மேலே கேட்ட வகையான கணக்கைத் தருகிறது. தமிழ்வழிப் படித்தோர் மருத்துவக் கல்லூரிகளில் முன்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தனர். 2017-18இல் அது 1.6ஆகச் சுருங்கிற்று. ஒருமுறைக்கு மேல் எழுதிச் சேர்ந்தவர் 2016-17இல் நூற்றுக்கு 12.47, 2020-21இல் 71.42. இந்த இரண்டாம் எண்ணை ஆசிரியத் தோழர்கள் பலகையில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளியை முடித்துவிட்டு ஓராண்டோ ஈராண்டோ ஊதியமின்றிப் பயிற்சிக்கென உட்கார்ந்திருக்க இயன்றவனே நான்கில் மூவராக உள்ளே போகிறான். தேர்வு அளந்தது அறிவை மட்டுமா? குடும்பம் எத்தனை ஆண்டு பொறுக்கும் என்பதையும் சேர்த்து அளந்திருக்கிறது. தார் சுற்றும் வீட்டில் மகள் ஓராண்டு சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சல்லடை செய்தவர் எண்ணவில்லை.

அந்தச் சல்லடையாவது எல்லாருக்கும் ஒரே கண்ணுடையதா? 2023இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 137. அதைப் பெற்றுவிட்டால், பணம் கட்ட இயன்றவனுக்குத் தனியார் கல்லூரியின் கதவு திறக்கும் வாய்ப்பு உண்டு. அதைப்போல இருமடங்கு பெற்ற ஏழைப் பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் இடம் எட்டாது. அதே ஆண்டு செப்டம்பரில் மேற்படிப்புக்கான 'நீட்' தேர்வில் தகுதி நிலையைச் சுழியமாக்கினர். இடங்கள் நிரம்பவில்லையாம்! தகுதி, தகுதி என்று முழங்கியவர்களின் தகுதி, விலைபோகாத இடம் மிஞ்சியபோது சுழியத்தில் வந்து நின்றது. 2024ஆம் ஆண்டு முடிவில் 67 பேர் 720க்கு 720 என்று முதலில் அறிவித்து, பிறகு திருத்தி 17 என்றாக்கிய கூத்தும் இதே வரிசையில் சேரும்.

தகுதி குறைந்த மருத்துவர் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா என்று கேட்பார்கள். ஒப்படைக்கக் கூடாதுதான். அதைக் காப்பது கல்லூரிக்குள் நடக்கும் தேர்வு. எந்த வாயிலால் வந்தவராயினும் ஒரே தாளை எழுதி, ஒரே பிணவறையில் கற்று, ஒரே பட்டம் பெற்றே வெளியே வருகிறார். நுழையும்போது ஆயிரமாவது இடத்தில் நின்றவன், வெளிவரும்போதும் ஆயிரமாவதாகவே நிற்பான் என்று எவர் சொல்ல முடியும்?

இருளிலே ஒரு விளக்கும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது கட்சிக்கண்ணோட்டமாகும். 2020இல், அ.தி.மு.க. ஆட்சிக்காலத்தில், அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் வந்தது. பள்ளி மாணவரில் நூற்றுக்கு 41 பேர் அரசுப் பள்ளியில் பயில, 2019-20இல் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெறும் ஆறு பேர்! நீதியரசர் கலையரசன் குழு இந்நிலையை ஆராய்ந்து 10 விழுக்காடு வேண்டும் என்றது, அரசு 7.5 என்று குறைத்தது. குறைத்தது சரியன்று என்பது நம் கருத்து. இருப்பினும் முதல் ஆண்டிலேயே ஆறு என்ற எண் முந்நூறுக்கு மேல் ஏறியது. சட்டத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றனர்; 2022 ஏப்பிரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

1968இல் வீழ்ந்ததும் 2022இல் நின்றதும் ஏன் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இத்திறனாய்வின் நடு நரம்பு. இரண்டும் புறப்பட்ட இடத்தைக் கருதும் பங்கீடுகளே. முன்னது மாவட்டம் என்னும் பெரிய வலையை வீசியது. பின்னது பள்ளி என்னும் சிறிய வலையை வீசியது. நரிக்குடிப் பிள்ளையும் சென்னைக் குடிசைப் பிள்ளையும் பின்னதில் சேர்ந்தே வருகின்றனர். முன்னதற்கு நீதிமன்றத்தில் சொல்ல ஒரு வாக்கியமே இருந்தது. பின்னதற்குக் குழு இருந்தது, ஆய்வு இருந்தது, ஆறு என்ற எண் இருந்தது. அந்த ஆறு, ஆறாயிரம் மேடைப் பேச்சைக் காட்டிலும் அழுத்தமாக வழக்காடியது.

ஆகவே நீதிமன்றம் 1968இல் கேட்ட வினா இன்னும் நம்மீது நிலுவையில் இருக்கிறது. விருதுநகரிலும் இராமநாதபுரத்திலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டுவிட்டன. விருதுநகரில் ஆண்டுக்கு 150 இடம். வரவேற்கிறோம். ஆனால் கல்லூரி இங்கே வந்துவிட்டதால் இடமும் இங்கே வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இடங்களில் ஒரு பகுதி அனைத்திந்தியத் தொகுப்புக்கும், எஞ்சியவை மாநில வரிசைக்கும் போகின்றன. ஆண்டுதோறும் அந்த 150 பேரில் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் படித்தவர் எத்தனை பேர், அவருள் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களின் பள்ளிகளிலிருந்து வந்தவர் எத்தனை பேர், தமிழ்வழியில் எத்தனை பேர், முதன்முறை எழுதியே சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதை அரசு பள்ளிவாரியாக அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். அரசு செய்யும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேனிலைப் பள்ளியிலும் ஒரு பேரேடு போதும்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் எங்கே விண்ணப்பித்தது, எங்கே இடம் பெற்றது, எங்கே இடம் கிடைத்தும் கட்டணம் இல்லாமல் போகவில்லை, அறிவியல் பாடத்துக்கு அவ்வாண்டு எத்தனை திங்கள் ஆசிரியர் இல்லாதிருந்தார், பள்ளிக்கு வர எத்தனை கிலோமீட்டர் நடந்தது. வரும் சூனில் பள்ளி திறக்கும்போது முதல் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.